கடைசி ஆள் முடிக்கும்வரை

அந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மாஸ்டரைத் திட்டுவேன், தெருமுனை டாக்டரைத் திட்டுவேன், வட்டமாக நின்று கைதட்டிய பதினொரு பேரையும் திட்டுவேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

விதி சின்னது. வகுப்பில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது.

எங்கள் பயிற்சிக்கூடம் ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்கு. தகரக் கூரை, தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பு, நடுவில் இரும்புக் குழாய்களால் ஆன பெரிய சட்டம், சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம். நாற்பத்தைந்து நிமிட வகுப்பு, ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். குதிக்க வேண்டும், தூக்க வேண்டும், தொங்க வேண்டும், ஓட வேண்டும். எல்லாம் கடிகாரத்தோடு போட்டி போட்டு, மூச்சு முட்ட முட்ட. ஒரு சுவரோரம் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். கடைசி ஆள் முடித்த பிறகுதான் அந்த டேப்பைத் தாண்டலாம்.

வேலை கேட்டுப் போன அன்று மாஸ்டர் என் சான்றிதழ்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உடற்பயிற்சி அறிவியல், நான்கு வருடப் படிப்பு, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று அவர் மேஜைமேல் கிடந்தது. அதன்மேல் தன் புரோட்டீன் டப்பாவை வைத்தார்.

"படிச்சவங்க நிறைய பேரு வர்றாங்கம்மா. எனக்கு வர்ற ஆளுங்க விட்டுட்டுப் போகாம இருக்கணும். மூணாவது மாசம் பாதிப் பேரு காணாமப் போயிடுறாங்க. அதுக்கு உன் புக்ல ஏதாவது மருந்து இருக்கா?"

புத்தகத்தில் இல்லை. வீட்டில் இருந்தது.

அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் வண்டி வண்டியாக வந்து வெளுத்துப் போகும் இடம். அக்கா வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்காரும்வரை அம்மா தட்டு வைக்க மாட்டாள். பசியில் எனக்குக் கண் இருட்டும். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்புச் சத்தம் கேட்டதும் வருகிற சந்தோஷம், அது சாப்பாட்டுக்கா அக்காவுக்கா என்று எனக்கே தெரியாது. பதினெட்டு வருடம் அப்படித்தான். இதை மாஸ்டரிடம் சொன்னேன். ஒருத்தருக்காக எல்லோரும் காத்திருந்தால் அந்த ஒருத்தர் எங்கேயும் போக மாட்டார் என்று சொன்னேன்.

மாஸ்டர் விரலைச் சொடுக்கினார். அன்று சாயங்காலமே மஞ்சள் டேப் ஒட்டியாயிற்று. எனக்கும் வேலை கிடைத்தது.

விதி வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். லிஃப்ட் கதவைக்கூட யாருக்காகவும் பிடித்து நிறுத்தாத வக்கீல் ஒருவர், நாக்கு வறண்டு நின்றுகொண்டு, கடைசியில் திணறும் ஒரு தட்டச்சுக்காரருக்காக உள்ளங்கை சிவக்கத் தட்டுவார். பிரசவத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த பல் டாக்டர் அம்மா, இரண்டு மாதத்தில் படியேறும்போது பாட்டுப் பாடினாள். சர்க்கரை குறைந்தவர்கள் உண்டு, மாத்திரையை விட்டவர்கள் உண்டு. தனியாக ஓடினால் இரண்டாவது நாளே செருப்பைத் தேடும் ஆட்கள், கூட்டத்தோடு என்றால் ஆறு மாதம் ஓடினார்கள். இந்த மாதிரிப் பயிற்சியில் நல்லதே இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் பார்த்தேன். அதனால்தான் என் சொந்த அக்காவையே கூட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பில் மாஸ்டர் கத்துவார், நான் எண்ணுவேன். எண்ணுகிற ஆளிடம்தான் கடிகாரத்தின் ரிமோட் இருக்கும். யாராவது சாய்கிற மாதிரி இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கடிகாரம் நிற்கும், வகுப்பு முடிந்ததாகக் கணக்கு, எல்லோரும் தண்ணீர் குடிக்கலாம். எட்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை அழுத்தினேன், தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட, துணிப்பை தைக்கும் ஒருவருக்காக. அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

"நீ அவரைக் காப்பாத்தலம்மா," என்றார் மாஸ்டர். "பதினொரு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்ட."

அதன் பிறகு என் கட்டைவிரல் அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை.

அக்காவுக்கு முதுகுவலி, தூக்கமில்லை. பதினெட்டு வருடம் நீராவியில் நின்ற உடம்பு. ஊழியர் வீட்டு ஆட்களுக்குக் கட்டணம் கிடையாது என்று சொன்னதும் அம்மா மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"பகல்பூரா மூட்டை தூக்குறா. சாயங்காலம் போய் இரும்பு தூக்கணுமா? அந்தப் பெரிய மனுஷங்களுக்கு வேலையில்ல, தூக்குறாங்க. இவளுக்கு என்ன தலையெழுத்து?"

"மூட்டை தூக்கினா திட்டுறாங்கம்மா," என்றாள் அக்கா. "அங்க தூக்கினா தட்டுறாங்களாம். போய்த்தான் பாப்போமே. என்ன டிகிரி, சரிதானே?"

டிகிரி என்றால் நான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிகிரி, வெளக்குமாறு எங்க? டிகிரி, பாலு பொங்குது பாரு. என்னைக் கிண்டல் செய்கிற மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் கூப்பிடுவாள்.

முதல் நாள் சலவைக்கூடத்துச் சீருடையிலேயே வந்து நின்றாள். காலில் ரப்பர் செருப்பு. பல் டாக்டர் தன் பழைய காலணியைக் கொடுத்தாள், அளவு சரியாக இருந்தது. அன்று கடைசியாக முடித்தது அக்காதான். பதினொரு பேர் சுற்றி நின்று தட்டினார்கள். அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

"யாருக்குடி தட்டுறாங்க?"

"உனக்குத்தான்க்கா."

"எனக்கா? எதுக்கு?"

முப்பத்து மூன்று வயதில் அவளுக்காக யாரும் தட்டியதில்லை. என் பட்டமளிப்பு விழாவில் எனக்குத் தட்டியபோதுகூட அவள் வேலையில் இருந்தாள்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அக்கா படுத்ததும் தூங்கினாள். குறட்டை விட்டாள். வாளியைத் தலைக்குமேல் தூக்கி அம்மாவுக்கு வித்தை காட்டி, பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டி, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாஸ்டர் அவளுக்கு 'இஞ்சின்' என்று பெயர் வைத்தார். அவள் உள்ளே நுழைந்தாலே, "இஞ்சின் வந்தாச்சு, வண்டி கிளம்பலாம்!" என்று வக்கீல் கத்துவார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சலவைக்கூடத்தில் காற்றை வெளியே தள்ளும் விசிறி கெட்டுப்போய்ப் பத்து மணி நேரம் நீராவிக்குள்ளேயே நின்றிருந்தாள். அங்கே கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும். அவன் ஒரு மாதிரி சிரிப்பான். அதனால் அக்கா வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இது எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமையும் தெரிந்திருந்தது.

அன்றைய பயிற்சி: இரும்புச் சட்டத்தில் குதித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை ஏறி, மெதுவாக இறங்குவது. நூறு தடவை. அக்கா அதுவரை செய்திராத பயிற்சி. நான் பலகையில் எழுதினேன்: அனைவருக்கும் நூறு, புதியவர்களுக்கு நாற்பது.

மாஸ்டர் வந்து, கடைசி வரியை உள்ளங்கையால் துடைத்தார். "இஞ்சினுக்கு எதுக்கும்மா நாப்பது? இவங்க காலையிலேயே நாப்பது மூட்டை தூக்கிட்டு வந்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகமாகச் சிரித்தாள். என் கையில் பேனா இருந்தது. மறுபடி எழுத ஒரு விநாடி போதும். ஆனால் நகரத்தின் மறுகோடியில் மாஸ்டர் இரண்டாவது கூடம் திறக்கப்போகிறார், அதற்குத் தலைமைப் பயிற்சியாளர் யார் என்று திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லப்போகிறார். மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அறுபதில் அவள் இறங்குவது இறக்கமாக இல்லை, விழுவதாக இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்து வட்டம் கட்டினார்கள். எழுபதில் முழங்காலில் கையை ஊன்றி நின்றாள். கைகள் தாமாகவே ஆடின. நான் எண்ணுவதை நிறுத்திக் கிட்டே போனேன்.

"போதும்க்கா. நிறுத்திடவா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். அதற்கு இந்தப் பக்கம் உதடு காய்ந்து நின்ற பதினொரு பேரைப் பார்த்தாள்.

"எல்லாரும் தண்ணி குடிக்காம நிக்கிறாங்கடி, என்னால. நீ எண்ணு."

எண்ணினேன். எழுபத்தொன்று. ரிமோட் என் கையில். எழுபத்திரண்டு. கைதட்டல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றாறில் கம்பியிலிருந்து விரல் நழுவி உட்கார்ந்துவிட்டாள், எழுந்தாள். நூறு என்று நான் கத்தியபோது என் குரலில் பெருமைதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வக்கீல் ஓடிப்போய்த் தன் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினார்.

"முதல்ல நீங்க, இஞ்சின்."

"ஐயோ, நீங்க குடிங்க சார். இவ்வளவு நேரம் நின்னீங்க." எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் அவள் குடித்தாள்.

சனிக்கிழமை அவளால் தலை வார முடியவில்லை. "வலிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்க்கா," என்றேன். இது எங்கள் கூடத்தில் நாங்கள் தினமும் சொல்லும் வசனம். வலியை அங்கே மெடல் மாதிரி காட்டிக்கொள்வார்கள். என் பையிலிருந்து இரண்டு வலி மாத்திரை கொடுத்தேன். போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இரவு இன்னும் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை முழங்கைகள் மடங்கியபடியே நின்றுவிட்டன. கை தடித்து, தோல் இழுத்துக்கொண்டு மினுமினுத்தது. அம்மாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"என்னைப் பாருடி டிகிரி," என்றாள் அக்கா. "ஹேங்கர்ல மாட்டின துணி மாதிரி இருக்கேன். அப்படியே கொடியில தொங்க விடு, காயட்டும்."

சிரித்தேன். போட்டோ எடுத்து வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒரே நிமிடத்தில் கை மடக்கிக் காட்டும் மஞ்சள் பொம்மைகள் வரிசையாக வந்தன. பதினொன்று. மாஸ்டர் தீ படம் போட்டார். அந்தப் போட்டோவை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் என் அக்காவின் தசை கரைந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது. அவள் சிரிக்கிறாள்.

திங்கட்கிழமை காலை குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "டிகிரி, கொஞ்சம் உள்ள வந்து பாரேன். இது என்னடி, கோலா மாதிரி போகுது."

பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டு, இரண்டாவது தாள், ஐந்து மதிப்பெண் வினா: தசைச் சிதைவின் காரணங்கள், அறிகுறிகள், உடனடிச் சிகிச்சை. பழக்கமில்லாத பயிற்சியை அளவுக்குமேல் செய்தல், வெப்பம், நீர் வற்றிய உடல். வீக்கம், கை கால் நீட்ட முடியாமை, சிறுநீர் கருமை. தாமதமின்றி மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக நீரேற்ற வேண்டும். வலி மாத்திரை தவிர்க்க வேண்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். பேராசிரியர் ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். மூன்று நாளாக அந்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக என் வீட்டு நடுக்கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "உனக்குப் பதினோரு மணிக்கு அங்க போகணும்ல? முனையில இருக்கிற டாக்டரையே பாத்துக்கலாம் வா."

தெருமுனை டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். "என்ன வேலை பாக்கிறீங்க?"

"சலவைக்கூடத்துல."

"எப்படி வந்துச்சு இது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா மேஜைக்கு அடியில் தன் காலால் என் காலை மிதித்தாள். "வெள்ளிக்கிழமை மூட்டை ஜாஸ்தி டாக்டர். தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு."

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். நான் பயிற்சி கொடுத்து இப்படி ஆனது என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். நான் என்ன முடிவு செய்தேன் என்பதுதான் முக்கியம். என் வாய் திறந்திருந்தது. மூடிக்கொண்டேன்.

சதைப் பிடிப்பு, கூடவே நீர்க்கடுப்பு என்றார் டாக்டர். வலிக்கு ஊசி போட்டார், வலிக்கு மாத்திரை எழுதினார். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நான் ஓடினேன். பதினொரு மணிக்கு மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "புதுக் கூடம் உன்னுதும்மா. உன் ரூல்தான் நம்ம பிராண்டு." மத்தியானம் புது இடத்தைச் சுற்றிக் காட்டினார். மஞ்சள் டேப்பை எங்கே ஒட்டுவது என்று நான் காலால் அளந்து சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. அக்கா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றாள் அம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு, நீராவி, மாத்திரை, ஊசி, மஞ்சள் டேப். அங்கிருந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"நீங்க இதையே படிச்சவங்களா?"

"ஆமா."

"எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"காலையில."

அவள் என்னைத் திட்டவில்லை. "சரி, வெளியே இருங்க," என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுவிட்டன. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பினார்கள். வெளியே போகாத நீர் நுரையீரலில் தங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குவதற்கும் சேர்த்து. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பை ஒன்று தந்தார்கள். வெள்ளிக்கிழமை குடித்திருக்க வேண்டிய தண்ணீரைத் திங்கட்கிழமைக்கு மேல் குடிக்க முடியாது. புரிகிறதா? எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த நிலையிலும் படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவி முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்தாள். "எங்க கூடத்துத் துணிதான். மடிப்பப் பாரு, மூலை நேரா வரல. நான் இல்லன்னதும் எவளோ ஏனோதானோன்னு மடிச்சிருக்கா." இரண்டு வாரத்தில் சலவைக்கூடத்தில் அவளுடைய அலமாரியைக் காலி செய்து, ரப்பர் செருப்பையும் சீப்பையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டர் வந்தார். பதினொரு பேரும் கையெழுத்திட்ட பெரிய அட்டை. 'சீக்கிரம் வாங்க இஞ்சின்.' அக்கா அதைத் தலைமாட்டில் சாய்த்து வைக்கச் சொன்னாள். வெளியே வராந்தாவில் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சேரும்போது அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாங்கல்ல? எது நடந்தாலும் சொந்தப் பொறுப்புன்னு?" போட்டிருந்தாள். எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டியது நான்.

நான் வேலைக்குப் போவதை நிறுத்தினேன். ஆறு வாரம் காத்திருந்தோம். ஆறாவது வாரம் அந்தப் பெண் டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னாள். சிறுநீரகம் திரும்பி வரும் அறிகுறி தெரியவில்லை. இனி வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம். அதற்கு வசதியாக இடது முன்கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஒரு சின்ன அறுவை செய்ய வேண்டும். "எவ்வளவு நாளைக்கு?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தாள், படித்தவள் எடுத்துச் சொல்லட்டும் என்பதுபோல.

அறுவை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து நான் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். விதியை வைத்தவள் நான், எடுக்க வேண்டியவளும் நான்தான்.

மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: இன்றைய நூறு, நம் இஞ்சினுக்காக.

அதே கம்பி. அதே குதிப்பு. பத்துப் பேர் முடித்துவிட்டு வட்டமாக நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம் பதினொரு பாட்டில்கள், அவளுடைய இடத்தைக் காலியாக விட்டு. கடைசி ஆள் பல் டாக்டர். முகம் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. புதிதாக எண்ணுகிற பெண் எண்பத்தாறு என்றாள். என்னைவிடச் சின்னவள், பட்டம் வாங்கிய பளபளப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அவள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

கடிகாரம் நின்றது. கைதட்டல் நின்றது. யாரும் தண்ணீர் பக்கம் நகரவில்லை.

"குடிங்க," என்றேன். "போய்க் குடிங்கய்யா. எங்கக்காவால இனிமே குடிக்க முடியாது. நீங்களாவது குடிங்க."

பல் டாக்டர் கம்பியிலிருந்து இறங்கினாள். அழுதாள். என் அக்காவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னும் பதினாலுதாம்மா பாக்கி," என்றாள் மூச்சிரைத்துக்கொண்டு. "அவங்களுக்காகத்தான் செஞ்சிட்டிருந்தேன். உங்கக்கா முடிச்சாங்கல்ல? எழுந்து நின்னு முடிச்சாங்கல்ல? நான் மட்டும் பாதியில விட்டவளா?"

"முடிச்சதாலதான் இப்படி ஆனா! மரமண்டையில ஏறுதா?" என்று கத்தினேன். வக்கீல் என் தோளைத் தொட்டு, "கஷ்டம் புரியுதும்மா, கொஞ்சம் உக்காருங்க," என்றார். அவர் உதடு வெடித்திருந்தது. நல்ல மனிதர். அக்காவுக்காக ஒரு தடவை ரத்தம்கூடக் கொடுத்தவர். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு அறை விட்டுவிட்டு வந்திருப்பேன்.

மாஸ்டர் என் கையிலிருந்து ரிமோட்டை மென்மையாக எடுத்தார். "அவங்க முடிக்கட்டும்மா. இல்லன்னா வீட்டுக்குப் போய் ராத்திரிபூரா அழுவாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தத் துணிப்பை தைப்பவர் எனக்குத் தெரியும். படியிறங்கும்போது பின்னால் அந்தச் சின்னவளின் குரல் கேட்டது. எண்பத்தேழு. கைதட்டல் மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் தையல் போட்ட இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. மடியில் பச்சை ரப்பர் பந்து. அறுவை செய்த ரத்தக்குழாய் தடிக்க வேண்டும், அப்போதுதான் இயந்திரத்தின் ஊசி ஏறும். அதற்காக அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும், ஒரு வேளைக்கு முப்பது தடவை. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பயிற்சி.

"எங்க போயிருந்த?"

"கூடத்துக்கு."

அவள் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்தில் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. "எல்லாரும் நல்லாருக்காங்களா? என்ன பயிற்சி இன்னிக்கு?"

"நூறு," என்றேன். "உனக்காகன்னு பலகையில எழுதி வச்சிருந்தாங்க."

"எனக்காகவா? பலகையிலயா?" அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாம்மா?" அம்மா அடுப்புப் பக்கம் போனாள். அக்கா என்னிடம் திரும்பினாள். "எல்லாரும் முடிச்சாங்களா?"

"முடிச்சாங்க."

"தண்ணி குடிச்சாங்களா?"

"குடிச்சாங்கக்கா."

தலையை ஆட்டிக்கொண்டாள். ஜன்னல் கட்டையில் கோப்பை இருந்தது. அன்றைய பங்கில் மிச்சம் நாற்பது மில்லி, இரண்டு மடக்கு. அவள் உதடு தோலுரிந்து கிடந்தது.

"அதைக் குடிச்சிடேன்க்கா."

"இரு. இதை முடிச்சிட்டுக் குடிக்கிறேன்." பந்தை உள்ளங்கையில் வைத்துச் சரிசெய்துகொண்டாள். "எண்ணுடி."

பதினைந்து வரை நன்றாகப் போயிற்று. இருபதில் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இருபத்திரண்டில் நெற்றியில் வேர்த்தது.

"போதும்க்கா."

"முப்பதுன்னு சொல்லியிருக்காங்க. நீ எண்ணு."

எண்ணினேன்.